நாலு முழச் சுவர்

கொழிஞ்சாம்பாறை,
மாசி 18

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய பணத்தில் வீட்டு வேலை முடிந்தது. பின்சுவர் முழுக்க சிமெண்ட் பூசியாயிற்று. மாட்டுக்கொட்டகை ஓரம் நாலு முழம் மட்டும் பழைய சுண்ணாம்புக் காரையாகவே நிற்கிறது. படத்தைப் பார்த்துவிட்டுக் கொத்தனார் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்காதே, நான்தான் விடச் சொன்னேன்.

கொட்டகை ஓட்டுக்கடியில் சிட்டுக்குருவி கூடு கட்டியிருக்கிறது. பொழுது சாயும் நேரத்தில் பெட்டைக்குருவி அந்தச் சுவரில் நகத்தை ஊன்றித் தொங்கிக்கொண்டு, தலையைச் சாய்த்துச் சாய்த்துக் காரையைக் கொத்தும். உதிர்கிற பொடியை விழுங்கும். ஆண்குருவி பக்கத்துக் கம்பியில் கத்திக்கொண்டிருக்கும். நான் பார்த்தவரை அது சுவரைத் தொட்டதில்லை.

இத்தனை வருஷம் உயிரியல் பாடம் நடத்தியவள், இதைக் கண்ணால் பார்க்க ரிட்டையர் ஆக வேண்டியிருந்தது. முட்டை ஓட்டில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புச் சத்து. கோழி கொஞ்சத்தைத் தன் எலும்புக்குள் சேர்த்துவைத்து எடுத்துக்கொள்ளும். சின்னக் குருவிக்கு அவ்வளவு சேமிப்பு ஏது? தினம் ஒரு முட்டை, ஓடு கட்டுவதோ பெரும்பாலும் ராத்திரியில். இருட்டுவதற்குள் வயிற்றில் சுண்ணாம்பு இருந்தாக வேண்டும். தானியத்திலும் புழுவிலும் அது போதாது. நத்தை ஓடு, எலும்புத் துணுக்கு, காரை என்று தேடி அலைகிறது.

நீ இருக்கும் நெதர்லாந்துக் காடுகளிலேயே இது நடந்திருக்கிறது. அமில மழையில் மண்ணின் சுண்ணாம்புச் சத்து கரைந்து, நத்தைகள் குறைந்தன. பட்டாணிக்குருவிகள் ஓடு மெலிந்த முட்டைகளை இட்டன. 1994இல் நேச்சர் இதழில் அந்த ஆய்வு வந்தது. நத்தை ஓடும் கோழிமுட்டை ஓடும் வைத்துப் பார்த்தார்கள், முட்டைகள் தேறின.

நம் சித்தூர்ப் பக்கத்துக் கரிசலில் சுண்ணாம்புச் சத்துள்ள சுக்காங்கல் கிடக்கிறது. கேரளத்தில் மற்ற இடங்களில் பெரும்பாலும் புளிப்பு மண், வயலுக்கே சுண்ணாம்பு போட வேண்டும். அங்கேயும் காரைச் சுவர்களை எல்லாம் இடித்துவிட்டால் அந்தக் குருவிகள் எங்கே போகும் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

சரி, உனக்கு ஒரு வேலை. அங்கே குருவிகள் முட்டையிடும் காலம் வருகிறது. ஆம்லெட் போட்ட பிறகு ஓட்டைக் குப்பையில் எறியாதே. கழுவி, ஓவனில் நன்றாகச் சூடாக்கி, நொறுக்கி பால்கனியில் வை. பச்சையாக வைக்காதே, கோழியின் கிருமி குருவிக்குத் தொற்றும். எது வந்து தின்றது என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லு.

அன்புடன்,
அம்மா