கடைப் பலகையில் ஓர் எழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

தொடக்கநிலை 4ல் படிக்கும் என் பேத்தி போன வாரம் ஸ்பெல்லிங்கில் ஒரு மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டாள். எழுதுபொருளைக் குறிக்கும் ஆங்கில ‘ஸ்டேஷனரி’யில் ‘ஈ’ (e) வரவேண்டிய இடத்தில் ‘ஏ’ (a). “நம்ம புளோக் கீழ இருக்கிற கடையில அப்படித்தானே போட்டிருக்கு தாத்தா?” என்றாள். இறங்கிப் போய்ப் பார்த்தேன். முழங்கை உயரச் சிவப்பெழுத்தில், சந்தேகமே இல்லை, ‘ஏ’தான்.

பேருந்து ஓட்டிய எனக்கு அந்த ‘ஏ’ பழக்கமானது. வண்டி அசையாமல் நிற்கும் நிலை அது. பேனா, பென்சிலுக்கு ‘ஈ’. காதுக்கு இரண்டும் ஒன்றே. தமிழில் எழுதினாலும் ஒன்றே. பேத்திக்கு ஒரு வழி சொன்னேன்: ‘பேப்பர்’ முடிவது ‘ஈ, ஆர்’, பேப்பர் விற்கும் ஸ்டேஷனரிக்குள்ளும் அதே ‘ஈ, ஆர்’.

கடைக்காரரிடம் பக்குவமாகச் சொன்னேன். “என் கடை ஓடவா போகுது அங்கிள்? நின்னுக்கிட்டுத்தானே இருக்கு!” என்று சிரித்தார்.

வேடிக்கை என்னவென்றால், அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. இடைக்கால ஐரோப்பாவில் தலைச்சுமையாக ஊர் ஊராக விற்றவர்கள் நடுவே, பல்கலைக்கழகங்களை ஒட்டி ஒரே இடத்தில் கடை போட்ட புத்தக வணிகரை லத்தீனில் ‘ஸ்டேஷனாரியஸ்’ என்றார்கள். நிலையாக நின்றவர் என்று பொருள். இரண்டு சொல்லும் ஒரே வேர்தான்.

இருந்தாலும் போன மதிப்பெண் போனதுதான். அந்தக் கடையிலேயே ‘ஈ’ ஸ்டிக்கர் வாங்கி ஒட்டிவிடலாமா என்று கேட்கிறாள் பேத்தி.

ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்,
ஈசூன்