இரவு பத்தரை மணிக்கு வரும் மெசேஜ்

வன்னியில் நிதி நிறுவனக் கிளைகளை நடத்தும் முகாமையாளர்களுக்கு,

வணக்கம். கிளிநொச்சியில் ஒரு கிளையில் ஆறு வருடம் வெளிக்கள உத்தியோகத்தராக மோட்டார் சைக்கிளில் ஓடியவன் நான். எந்தக் கிளை என்று சொல்லப்போவதில்லை. பக்கத்துக் கிளைகளிலும் இதே கதைதான்.

காலை எட்டு மணிக்குக் கூட்டம். வெள்ளைப் பலகையில் எங்கள் பெயர்கள், பக்கத்தில் முந்தின நாள் அறவிட்ட கடன் தவணைத் தொகை. குறைந்தவரின் பெயரைச் சிவப்பு மையால் வட்டமிடுவார்கள். வட்டத்துக்குள் அகப்பட்டவர் மடியில் இருக்கும் ஹெல்மெட்டின் பட்டியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருப்பார். டக், டக். வேறு சத்தம் இராது.

அவர் சோம்பேறி இல்லை. மானாவாரியோ குளத்து வயலோ, காலபோக நெல்லை அறுத்து விற்றால்தான் எங்கள் சனத்தின் கையில் காசு புழங்கும். அதற்குத் தையும் மாசியும் வரவேண்டும். மார்கழி மழையில் வயல் பச்சையாக நிற்கும்போதும் மாசியில் கொடுக்கிற அதே டார்கெட்டைக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? கடன் எடுத்த அக்காவின் முற்றத்தில் போய்க் கத்துவார். அப்புறம் வீட்டுக்கு வந்து பிள்ளைகளிடம் கத்துவார்.

வேலை கூடினால் மட்டும் மனிதர் உடைவதில்லை. வேலை கூடி, அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமையும் இல்லாதபோதுதான் அழுத்தம் மோசமாகிறது என்று வேலை அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979இலேயே எழுதினார். எந்த ஊருக்கு எந்த நாள் போவது என்பதையாவது எங்களிடம் விடுங்கள். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. வருடம் ஒருமுறை ஹோட்டலில் வைக்கும் யோகாசனப் பயிற்சிக்குத்தான் செலவு. (சாப்பாடு நல்லதுதான், பொய் சொல்லக்கூடாது.) உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வேலையிட மனநல வழிகாட்டி, முகாமையாளர்களுக்கே பயிற்சி கொடுக்கச் சொல்கிறது. நீங்களும் பாயில் வந்து இருக்கவேண்டும் என்பதல்ல அதன் பொருள். ஊழியர் வாடிப்போனால் கண்டுகொள்ளவும், காதுகொடுத்துக் கேட்கவும் பழகவேண்டும் என்பதுதான்.

இரவு பத்தரைக்கு வட்ஸ்அப் குழுவில் "நாளைக்கு யார் எவ்வளவு?" என்று போடாதீர்கள். பார்த்துவிட்டால் நித்திரை போய்விடும், பார்க்காவிட்டால் காலையில் ஏச்சு.

இன்னொன்று. மே 18இல் லீவு கேட்பவரிடம் காரணம் கேளாதீர்கள். 2009இல் அந்த நாளோடு முடிந்த போரில் யாரை எங்கே விட்டுவிட்டு வந்தார் என்பதை லீவுப் படிவத்தின் ஒற்றை வரியில் எழுதமுடியாது. நான் ஒருமுறை "காய்ச்சல்" என்று எழுதிக் கொடுத்தேன்.

கடைசியாக வந்த முகாமையாளர் ஒருநாள் என் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி மல்லாவிப் பக்கம் வந்தார். அடைமழை. இரண்டு இடத்தில் இறங்கிச் சேற்றுக்குள் தள்ளினோம். மூன்று வீட்டில் தேத்தண்ணி தந்தார்கள், ஒரு வீட்டில்தான் காசு தந்தார்கள். அடுத்த நாள் காலை, பலகையில் என் பெயருக்குப் பக்கத்தில் தொகை எழுதவேண்டிய இடத்தில் அவரே எழுதினார்: "பாதை வெள்ளம்."

இப்படிக்கு,
முன்னாள் வெளிக்கள உத்தியோகத்தன் ஒருவன்