அஞ்சு பேருக்கு நாலு பணியாரம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன இதழ்ல சென்னையில புதுசு புதுசா வர்ற ஷேரிங் பிளேட் ஓட்டல்கள், அதான் தட்ட நடுவுல வச்சு எல்லாரும் பங்கு போட்டுச் சாப்பிடுற ஓட்டல்கள் பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. போட்டோ எல்லாம் ரொம்ப நல்லா இருந்துச்சு, ஆனா படிச்சதுலேர்ந்து ஒரு வரி மட்டும் உறுத்திக்கிட்டே இருக்கு. இது ஒண்ணும் புதுசு இல்ல, செட்டிநாட்டுப் பெரிய வீடுகள்ல எல்லாரும் ஒரே தட்டுல பகிர்ந்து சாப்பிட்டது தான் இப்ப திரும்பி வந்திருக்குங்கற மாதிரி எழுதியிருந்தாங்க. எழுதுனவங்க எந்த வீட்டுல போய் சாப்பிட்டாங்கன்னு தெரியல.

நான் செட்டிநாட்டுக் கோட்டையூர்க்காரி, வாக்கப்பட்டதும் பக்கத்து ஊரு தான். முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டுன்னு இந்தத் தெருவுல ஆரம்பிச்சு அந்தத் தெருவுல முடியுற வீடு. அதப் பாத்தா எல்லாருக்கும் ஒரே அடுப்பு ஒரே சட்டின்னு தான் வெளியூர்க்காரங்க நெனைப்பாங்க, அது இல்லீங்க. எங்க நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியாருங்க வழக்கத்துல பையனுக்குக் கல்யாணம் ஆனா கொஞ்ச நாள்ல வேறு வச்சிருவாங்க. வேறன்னா வீட்ட விட்டு வெளிய இல்ல, அதே வீட்டுக்குள்ள தனி அறை, தனி அடுப்பு, வருஷத்துக்கு இம்புட்டு அரிசின்னு கணக்கு. புருஷன் பொண்டாட்டி சேந்தா ஒரு புள்ளி, கோயிலுக்குக் குடுக்குற வரி கூட அந்தப் புள்ளிக் கணக்குல தான். எங்க மாமியார் அடுப்பு அங்கிட்டு, கொழுந்தன் பொண்டாட்டி அடுப்பு இங்கிட்டு, நடுவுல என்னோடது. மாமியார் வெண்டிக்கா மண்டி வச்சா எனக்கு ஒரு கிண்ணம் வரும், அதுவும் அவங்களா ஊத்திக் குடுத்தா தான், நானா போய் அவங்க சட்டில கரண்டிய விட்டுட முடியாது, விட்டிருந்தா இன்னிக்கு வரைக்கும் அந்தப் பேச்சு ஓடிக்கிட்டு இருந்திருக்கும்.

விசேஷம்னா தான் மொத்தமா சமையல். அப்பவும் ஆளுக்கு ஒரு இலை. பந்தி விசாரிக்கன்னு வீட்டுப் பெரியவர் ஒருத்தர் நடந்துக்கிட்டே இருப்பாரு, யார் இலையில என்ன தீந்துச்சுன்னு பாத்து "அங்க ஒரு கரண்டி போடு"ன்னு கண்ணாலயே சொல்லுவாரு, சாப்பிடுறவன் வாயத் தொறந்து கேக்குற நெலம வந்தா அது வீட்டுக்காரருக்கு அவமானம். அந்த ஒரு ஆளத் தூக்கிட்டு தட்ட மட்டும் நடுவுல வச்சா எப்புடி இருக்கும்னு போன மாசம் பாத்துட்டு வந்தேன்.

கல்யாண நாள்னு மகன் கூப்புட்டான்னு பல்லவன் ரயில்ல ஏறி சென்னைக்குப் போனோம், ராத்திரிக்கு ஒரு புது ஓட்டல்ல டேபிள் புக் பண்ணியிருந்தான். பேரு வேணாம், அவங்களும் கடன் வாங்கித் தான் கடை வச்சிருப்பாங்க. நானு, எங்க வீட்டுக்காரரு, மகன், மருமக, பேத்தி, அஞ்சு பேரு. மெனு கார்டு கெடையாது, போன வச்சு ஸ்கேன் பண்ணணுமாம். பரிமாறுற தம்பி ஒருத்தரு வந்து, இங்க எல்லாம் ஷேரிங் கான்செப்ட், ஆளுக்கு ரெண்டு ரெண்டரை பிளேட் கணக்குல சொல்லுங்க, ரெடி ஆக ஆக வரும்னு பாடம் எடுத்துட்டுப் போனாரு. இந்த "ரெடி ஆக ஆக" தான் மொதல் வில்லங்கம். எங்க வீட்டுக்காரருக்கு சுகரு, சாப்பாட்டுக்கு முன்னாடி போடுற மாத்திரைய அவரு போட்டுட்டு உக்காந்துட்டாரு, நாங்க சொன்ன கவுனி அரிசிச் சோறு வந்தது முக்கா மணி நேரம் கழிச்சு, அதுக்குள்ள ஊறுகா மாதிரி ஒண்ணு, பொரிச்சது ஒண்ணு, இலை தழைன்னு ஒண்ணு வந்து போயிருச்சு. கவுனி அரிசி பர்மாவுக்கு வட்டிக்கடை வைக்கப் போன எங்காளுங்களோட வந்ததுன்னு சொல்லுவாங்க, பர்மாவுலேர்ந்து வந்ததே இத விட சீக்கிரம் வந்திருக்கும்னு அவரு முணுமுணுத்தாரு.

அப்பறம் வந்துச்சு வெள்ளப் பணியாரம். பிளேட்டுல நாலு, நாங்க அஞ்சு பேரு, வெல 440 ரூவா. தம்பி வச்சிட்டுப் போயிட்டாரு. யாரும் கை வைக்கல. மருமக "நீங்க எடுத்துக்குங்க ஆத்தா"ங்குது, நான் "பிள்ளைக்குக் குடு"ங்கறேன், மகன் எனக்கு வேணாம்னுட்டான், அவனுக்கு உயிரு அது, சின்னதுல அடுப்பு பக்கத்துலயே நின்னு எட்டு பத்து முழுங்குவான். கடைசில ஒண்ண ரெண்டா பிச்சோம். பணியாரத்தப் பிச்சா அது பணியாரமே இல்லீங்க, ஓரம் மொறுமொறுன்னும் நடுவுல பஞ்சு மாதிரியும் ஒரே கடியில ரெண்டும் வரணும்.

செய்றது ஒண்ணும் பெரிய வித்த இல்ல. ஒரு டம்ளர் பச்சரிசி தலை தட்டி, அது மேல உளுந்து கோபுரமா நிக்கிற அளவுக்கு, அம்புட்டு தான் கணக்கு. ரெண்டு மணி நேரம் ஊற வச்சு வெண்ணெய் மாதிரி ஆட்டி, உப்பு, துளி சீனி, கொஞ்சம் பாலு, ஆட்டுன கையோட சுடணும், புளிக்க விடக்கூடாது. எண்ணெயில ஒரு நேரத்துக்கு ஒண்ணு தான் ஊத்தணும், தானா எழும்பி மேல வரும், செவக்காம எடுக்கணும். அதனால அது அடுப்பும் இலையும் பக்கத்துல பக்கத்துல இருக்க வேண்டிய பலகாரம், ஒருத்தர் சுட ஒருத்தர் சாப்பிட. எங்களுக்கு வந்த நாலும் ஆறிப் போய் எண்ணெய் குடிச்சிருந்துச்சு, மேல என்னமோ பூ இதழு வேற. கூட வச்ச சட்னி நல்லா இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது.

நல்லதையும் சொல்றேன். முழுக் காலிபிளவர அப்புடியே சுட்டு, மேல கெட்டித் தயிரும் கல்பாசி போட்டு வறுத்த மசாலாவும் போட்டுக் கொண்டாந்தாங்க, கத்தியோட. அத அஞ்சா வெட்டுனோம், தகராறே இல்ல. அப்ப தான் எனக்குப் புரிஞ்சுது, வெட்டுற சாமானும் அள்ளுற சாமானும் நடுவுல வச்சா ஒழுங்கா பங்காகும், எண்ணுற சாமான் ஆகாது. எண்ணிக்கைல வைக்கிறதா இருந்தா டேபிள்ல எத்தன தலைன்னு பாத்து வைக்கணும். கூட ஒண்ணு சுட்டு 110 ரூவா சேத்து வாங்கிக்கிட்டுப் போங்களேன், யாரு வேணாம்னா? தம்பிகிட்ட கேட்டேன், ப்ளேட்டிங் மாறிடும் மேம்னாரு. அலங்காரம் கலைஞ்சிருமாம்.

ஸ்பெயின்ல இதுக்குப் பேரு தபாஸ், லெபனான்ல மெஸ்ஸே, ஒலகம் பூரா இப்ப இப்புடித் தாம்மான்னு மகன் சொன்னான். சரி தான். ஆனா தபாஸ்ங்கறது குடிக்கிறதோட வர்ற சின்னத் தட்டு, கிரனாடா ஊர்ல குடிக்க ஒண்ணு வாங்குனா கூட ஒரு தட்டு இன்னமும் காசில்லாமலே வைப்பாங்கன்னு அவனே சொல்றான். அந்தக் காசில்லாமங்கறத மட்டும் நம்மாளுங்க கப்பல்ல ஏத்தாம விட்டுட்டாங்க போல.

நம்ம பக்கம் ஒரே தட்டுல சாப்பிடுற வழக்கமே இல்லையான்னா, இருக்கு, ஆனா எங்ககிட்ட இல்ல. கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் முஸ்லிம் கல்யாணத்துல சஹன்ல வைப்பாங்க, பெரிய தட்டுல சோறும் கறியும், அதச் சுத்தி ரெண்டு மூணு பேரு உக்காந்து கையால சாப்பிடுவாங்க. எங்க வீட்டுக்காரரு பேங்க்ல வேல பாத்தப்ப கீழக்கரையில ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து ஒரு வாரம் அதையே பேசிக்கிட்டு இருந்தாரு. அங்க தட்டு நெறஞ்சு இருக்கும், கொறஞ்சா ஊத்த ஆளு நிப்பாங்க, கடைசித் துண்டு யாருக்குன்னு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க வேண்டியது இல்ல. பாரம்பரியம்னு கட்டுரையில எழுதணும்னா அங்கல்ல போயிருக்கணும். எங்க ஊர்ல எச்சில் பத்துன்னு ஒண்ணு உண்டு, ஒருத்தர் வாயில வச்ச கரண்டிய பொதுக் கிண்ணத்துல விட மாட்டோம். அத நெனச்சு தான் மருமக தட்டுக்கு ஒரு கரண்டின்னு கேட்டு வாங்கி வச்சுச்சு, கெட்டிக்காரப் பொண்ணு.

பில்லுக்கு வர்றேன். பதினோரு பிளேட், 5,120 ரூவா. அதுக்கு மேல 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ்னு 512, ரெண்டயும் கூட்டி அது மேல 5 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 5,913 ரூவா 60 காசு. எங்க வீட்டுக்காரரு பேங்க்காரராச்சே, கண்ணாடியப் போட்டுட்டு உக்காந்துட்டாரு. சர்வீஸ் சார்ஜ தானா பில்லுல சேக்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலயே சொல்லியாச்சு, ஓட்டல்காரங்க கோர்ட்டுக்குப் போயி, டெல்லி ஐகோர்ட்டும் 2025 மார்ச்ல ஆணையம் சொன்னது தான் செல்லும்னு சொல்லிருச்சு. இத அவரு மெதுவாத் தான் சொன்னாரு, மகன் "விடுங்கப்பா எல்லாரும் பாக்குறாங்க"ன்னு நெளியுறான். அந்தத் தம்பி ஒரு வார்த்த பேசல, போயி வேற பில்லு கொண்டாந்துட்டாரு, 5,376. கேட்டா எடுத்துருவாங்க, கேக்காதவங்ககிட்ட வாங்கிக்குவாங்க, அம்புட்டு தான். தகராறு பண்ணுனா 1915னு நுகர்வோர் ஹெல்ப்லைன் இருக்கு, உங்க வாசகர்களுக்குச் சொல்லிருங்க. அந்தத் தம்பிக்கு நாங்க தனியா கையில 200 ரூவா குடுத்தோம், பாவம் நின்னுக்கிட்டே இருந்தாரு.

வீட்டுக்கு வந்தா பத்தர மணி, பேத்தி "அப்பத்தா பசிக்குது"ன்னுச்சு. மிச்சமிருந்த சோத்துல தயிர ஊத்திப் பெசஞ்சேன், பின்னாடியே மகனும் தட்டத் தூக்கிட்டு வந்து நிக்கிறான், கொஞ்ச நேரத்துல அவங்கப்பாவும்.

10 எடத்துக்குக் கொறையாம கிளை வச்சிருக்குற ஓட்டல்னா ஒரு சர்விங்னா எவ்வளவு, அதுல கலோரி எத்தனன்னு மெனுவுலயே போடணும்னு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட விதி 2022லேர்ந்து இருக்கு. இந்த மாதிரி ஒத்தக் கடைங்க அதுக்குள்ள வராது. விதி வந்து தான் செய்யணுமா, பணியாரம் (4) அப்புடின்னு பக்கத்துல ஒரு நம்பர் போட்டா கொறஞ்சா போயிருவாங்க? நாங்க அப்பவே ரெண்டு பிளேட் சொல்லியிருப்போமே, வியாபாரமும் அவங்களுக்குத் தானே. உங்க பத்திரிகைல அடுத்து ஓட்டல் பத்தி எழுதுறவங்களும் செவுத்துக் கலரு, தொங்குற வெளக்கு பத்தியெல்லாம் ரெண்டு வரி கொறச்சுக்கிட்டு, தட்டுல எத்தன இருந்துச்சு, எத்தன பேரு போனாங்க, வெளிய வர்றப்ப வயிறு நெறஞ்சுதா, இத மூணயும் எழுதச் சொல்லுங்க.

அந்தக் கட்டுரைய எழுதுனது பொண்ணோ பையனோ தெரியல, இந்தப் பக்கம் வந்தா வீட்டுக்கு வரச் சொல்லுங்க. மாவு ஆட்டி வைக்கிறேன், தனி இலை போடுறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோட்டையூர்.