மீனவருக்கு ஒரே வாசல் போதும்

ஐயா,

கடலோர மாவட்டங்களில் நடந்த ‘சாகர் கவாச்’ பாதுகாப்பு ஒத்திகை பற்றிய செய்தியைப் படித்தேன். 2008 நவம்பரில் 10 பயங்கரவாதிகள் ஒரு மீன்பிடிப் படகைக் கைப்பற்றி மும்பைக்குள் நுழைந்த பிறகு, பொறுப்புகள் வரையறுக்கப்பட்டன. ஒட்டுமொத்தக் கடல்சார் பாதுகாப்பு கடற்படைக்கு. 12 கடல் மைல் எல்லைக்குள் ஒருங்கிணைப்பு கடலோரக் காவல்படைக்கு. கரையை ஒட்டிய ரோந்து மாநிலக் கடலோரக் காவல்துறைக்கு. ஏட்டில் எல்லாம் தெளிவாகவே இருக்கிறது. ஆனால், சந்தேகத்துக்குரிய படகை முதலில் பார்ப்பவர் விடியலுக்கு முன் வலை இழுக்கும் மீனவர். அவருக்கு எதற்கு இந்த எல்லைக் கணக்கு? தகவல் சொல்ல ஒரே வாசல் இருந்தால் போதும். இன்றோ காவல்துறைக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554 என்று இரண்டு எண்கள்.

எங்கள் ஊர் வள்ளக்காரர் ஒருவர், பதிவெண் எழுதப்படாத படகொன்றைக் கண்டு கரை சேர்ந்ததும் தொலைபேசியில் தெரிவித்தார். “அது எங்கள் எல்லையில் வராது, அவர்களிடம் சொல்லுங்கள்” என்பதே பதில். அருகில் நின்று நானும் கேட்டேன். அதன் பிறகு அவர் எதையும் யாரிடமும் சொல்வதில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்த எண்ணை அழைத்தாலும் ஒரே கட்டுப்பாட்டு அறை எடுக்க வேண்டும். எந்தத் துறை செல்வது என்பதை அங்குள்ள அலுவலர்களே முடிவு செய்யட்டும். அடுத்த ஒத்திகையில், மீனவரின் அழைப்புக்கும் ரோந்துப் படகு புறப்படுவதற்கும் இடையே எத்தனை நிமிடம் ஆகிறது என்பதையும் அளந்து வெளியிட வேண்டும்.

— வாசகர், தொண்டி