முதல் இரண்டு வகுப்புகளுக்கான வாசிப்புப் பாடங்களை இணையமில்லாமல் ஓடும் கோப்புகளாகத் தரக் கோரி மூன்றாவது மனு

அனுப்புநர்:
பள்ளி மேலாண்மைக் குழுவினர் மற்றும் பெற்றோர்,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி,
ஏரிக்கரைத் தெரு.

பெறுநர்:
உயர்திரு மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி) அவர்கள்.

பொருள்: பள்ளியின் இணைய இணைப்பைச் சரிசெய்வது, அதுவரை தமிழ் வாசிப்புப் பாடங்களைப் பென் டிரைவில் வழங்குவது – தொடர்பாக.

பார்வை: 1. வட்டாரக் கல்வி அலுவலகத்தில் ஜூன் மாதம் நேரில் கொடுத்த மனு. 2. ஆகஸ்ட் மாதம் திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் கொடுத்து ரசீது பெற்ற மனு.

ஐயா,

வணக்கம். எங்கள் பள்ளி தங்களுக்குத் தெரிந்த பள்ளிதான். ஏரி மதகு தாண்டி ரேஷன் கடைக்கு எதிரே, சென்ற ஆண்டு தாங்கள் ஆய்வுக்கு வந்தபோது கைபேசியில் பேச மாரியம்மன் கோயில் திட்டு வரைக்கும் நடக்க வேண்டியிருந்ததே, அதே ஊர். அந்தத் திட்டைத் தவிர ஊரில் வேறு எங்கும் இன்றைக்கும் ஒழுங்கான சிக்னல் கிடையாது.

எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பிழையின்றிப் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்று 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தை நாங்கள் மனதார வரவேற்கிறோம். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிப்பதும், அதற்கான பயிற்சி நூல்களும் நல்ல ஏற்பாடு. எங்கள் குறை அதோடு சேர்ந்து இணையவழி வரும் ஒலி, காணொலிப் பாடங்களைப் பற்றியது. அவை இருந்தும் எங்கள் பிள்ளைகளுக்கு இல்லை. விவரத்தைக் கீழே தருகிறோம்.

1. பள்ளிச் சுவரில் கண்ணாடி இழை இணைப்புப் பெட்டி மாட்டி ஓராண்டு ஆகிறது. முதல் மூன்று வாரம் வேலை செய்தது. குடிநீர்க் குழாய் புதைக்க ஜேசிபி வைத்துத் தோண்டிய நாளிலிருந்து அந்தப் பெட்டியில் 'எல்.ஓ.எஸ்.' என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னிக்கொண்டே இருக்கிறது. இழை வழியே ஒளி வந்து சேரவில்லை என்பதுதான் அதற்குப் பொருள். இழை அறுந்திருக்கும், அல்லது மண்ணுக்குள் முடக்காக மடிந்திருக்கும், அல்லது முனை கழன்றிருக்கும். ஒளியை அளக்கும் பவர் மீட்டரோடு ஒருவர் வந்து எந்த இடத்தில் ஒளி நிற்கிறது என்று பார்த்து ஒட்டினால் அரை நாள் வேலை. புகார் எண்ணுக்கு அழைக்கும்போதெல்லாம் "பெட்டியை அணைத்துப் போடுங்கள்" என்கிறார்கள். அணைத்துப் போட்டால் அறுந்த இழை ஒட்டிக்கொள்ளாது, ஐயா.

2. இணைப்பு இல்லாததால் ஆசிரியர்கள் சொந்தக் கைபேசி டேட்டாவில் ஓட்டிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடப் பாடம் ஒன்று நடுத்தரத் தெளிவில் தங்கு தடையின்றி ஓட நொடிக்கு ஏறக்குறைய 1 மெகாபிட் வேகம் தொடர்ந்து கிடைக்க வேண்டும். கோப்பாக எடுத்தால் 35 முதல் 40 எம்.பி. வரும். வகுப்பறைக்குள் கிடைப்பது அந்த வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

3. எங்களுக்கு அதிகம் வலிப்பது இதுதான். பெரிய வகுப்பில் அறிவியல் காணொலி நடுவில் நின்றால் பிள்ளைகள் காத்திருந்து பார்த்துக்கொள்வார்கள். முதல் வகுப்பில் அப்படி முடியாது. எழுத்துக் கற்கும் குழந்தைக்குக் கண்ணில் படும் வடிவமும் காதில் விழும் ஒலியும் ஒரே நேரத்தில் வந்தாக வேண்டும். அது பிசகினால் அந்தப் பாடத்தால் நன்மை இல்லை என்பது மட்டுமில்லை, தீமையும் உண்டு.

'பள்ளி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் எழுத்து வருகிறது, ஒலி "பள்" என்று வந்து நின்றுவிடுகிறது, வட்டம் சுற்றுகிறது, ஆறேழு நொடி கழித்து "ளி" வருகிறது. குழந்தைக்கு அது ஒரு சொல்லே இல்லை. கைபேசியிலிருந்து கம்பியில்லாமல் டிவிக்கு அனுப்பினால் இன்னொரு கோளாறு: ஒலியும் படமும் சேர்ந்து வருவதில்லை. படத்தில் பல்லி சுவரில் ஊர்ந்துகொண்டிருக்க, ஒலி அடுத்த சொல்லான 'பள்ளி'க்குப் போய்விடுகிறது. லகரமும் ளகரமும் வேறு என்று காட்டுவதற்கென்றே செய்த பாடம் அது. அதைப் பார்த்த பிள்ளைக்கு இரண்டும் ஒன்று என்றுதான் பதியும். புலி–புளி, மனம்–மணம், கரை–கறை, வலி–வளி–வழி எல்லாவற்றுக்கும் இதே கதி.

தமிழில் இந்த ஒலிப் பயிற்சி ஏன் இவ்வளவு முக்கியம் என்பது தாங்கள் அறியாததல்ல. 'க' என்று ஒரே எழுத்து. கல், பகல், தங்கம் மூன்றிலும் மூன்று விதமாக ஒலிக்கிறது. படத்தின் 'ப' வேறு, பம்பரத்தின் நடுவில் வரும் 'ப' வேறு. எழுத்தை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, காது பழகினால்தான் வரும். உகர வரிசையோ இன்னும் சிக்கல்: கு, சு, டு, து, மு, ரு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைகிறது. எகரக் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஆனால் ஒலி பின்னால் வரும். 'கொக்கு' என்பதில் கொம்பு ஒருபுறம், கால் ஒருபுறம், நடுவில் 'க'. கை வைத்துக் காட்டிக்கொண்டே ஒலிக்க வேண்டிய இடம் அது. நல்ல உச்சரிப்பில், நிதானமாக, எத்தனை முறை வேண்டுமானாலும் சலிக்காமல் சொல்லும் ஒலிப்பதிவு இருந்தால் ஈராசிரியர் பள்ளிக்கு அது மூன்றாவது ஆசிரியர் மாதிரி. ஒருவர் ஒரு மூலையில் மூன்றாம் வகுப்புக்குக் கணக்குப் போடும்போது இன்னொரு மூலையில் பத்துப் பிள்ளைகள் கேட்டுச் சொல்லலாம். அந்த மூன்றாவது ஆசிரியரைத்தான், ஐயா, ஓராண்டாக ஒரு சிவப்பு விளக்குக்குப் பின்னால் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

4. "தீக்ஷா பாடச் செயலியில் இறக்கி வைத்துக்கொள்ளலாமே" என்று வட்டாரத்தில் சொன்னார்கள். பாடநூலில் உள்ள கியூஆர் குறியை முதல் முறை திறக்கவே இணையம் வேண்டும். கோயில் திட்டில் நின்று இறக்கினாலும் பாடம் அந்தச் செயலிக்குள்ளேயே இருந்துகொள்கிறது. கோப்பாகப் பகிர்ந்தாலும் மறுபடி அதே செயலிதான் திறக்கும். டிவியின் யுஎஸ்பி துளையில் சொருகினால் ஓடாது. ஆறு அங்குலக் கைபேசியைச் சுற்றி 24 பிள்ளைகளை உட்காரவைத்தால் முன்வரிசை நான்கு பேர் பார்ப்பார்கள், மற்றவர்கள் முதுகைப் பார்ப்பார்கள்.

5. ஆகவே நாங்கள் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. வட்டார வள மையத்தில் நல்ல இணைப்பு இருக்கிறது. அங்கே ஒரு முறை எடுத்து, அக்கம்பக்கப் பள்ளி ஆசிரியர்கள் மாதம் ஒரு முறை கூடும் குறுவள மையக் கூட்டத்தில் பள்ளிக்கு ஒரு பென் டிரைவ் மாற்றிக் கொடுத்தால் போதும். கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை, ஏனென்றால் இதில்தான் வழக்கமாகக் கெட்டுப்போகிறது:

அ) 32 ஜி.பி. பென் டிரைவ் போதும். ஐந்து நிமிடப் பாடம் எழுநூறுக்கு மேல் கொள்ளும். 'ஃபேட் 32' முறையில் ஃபார்மட் செய்திருக்க வேண்டும்; வேறு முறையில் இருந்தால் எங்களுக்குத் தந்த டிவி "சாதனம் இல்லை" என்கிறது.

ஆ) காணொலி எம்.பி.4 கோப்பாக, 'எச்.264' என்ற சுருக்கும் முறையில் இருக்கட்டும். 'எச்.265' கோப்பு சிறியதாக இருக்கும் என்று ஆசைப்பட்டு அதில் கொடுத்தால் பழைய டிவியில் சத்தம் மட்டும் வரும், படம் வராது. மறுபடி முதலிலிருந்து.

இ) காணொலியைவிட வெறும் ஒலிக் கோப்பே பல நேரம் பயன். பேச்சொலிக்கு 64 கிலோபிட் எம்.பி.3 போதும், நிமிடத்துக்கு அரை எம்.பி.கூட ஆகாது. ஒரு சொல், மூன்று நொடி இடைவெளி, மறுபடி அதே சொல் என்று இருக்க வேண்டும். இடைவெளிதான் பிள்ளை சொல்வதற்கான நேரம். பின்னணி இசை வேண்டவே வேண்டாம். மேலே தகரக் கூரை, மழை பெய்தால் அதுவே இசை. கணினிக் குரலும் வேண்டாம், மேலே சொன்ன 'க', 'ப' வேறுபாட்டில் அது தடுமாறக்கூடும். ஓர் ஆசிரியர் வாயால் பேசிப் பதிந்ததாக இருக்கட்டும்.

ஈ) கோப்புகளுக்கு 'வீடியோ 1, வீடியோ 2' என்று பெயர் வைக்காமல், எழுத்துச் சேர்க்கையின் பெயரை வைக்கவும். க, ங, ச என்று வரிசையாகப் போகாமல் ப, ட, ம மூன்றை முதலில் எடுத்தால் அன்றைக்கே படம், பட்டம், மடம், மட்டம் என்று சொற்களைப் படித்துவிடலாம். எந்தக் கோப்பில் எந்த எழுத்துகள் என்று தெரிந்தால்தான் ஆசிரியர் அந்த வரிசையில் எடுக்க முடியும்.

உ) பயிற்சித் தாள்களை யூனிகோடில் அல்லது எழுத்துரு உட்பொதிந்த பி.டி.எஃப்.பில் தரவும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தாள் ஒன்றை அனுப்பியிருந்தார்கள். எங்கள் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பை. இன்னொன்றில் கொம்பு தனியாகப் புள்ளி வட்டத்தோடு நின்றது. பெரியவர்கள் நாம் அதை ஊகித்துப் படித்துவிடுவோம். எழுத்தையே இப்போதுதான் பார்க்கும் குழந்தை, அந்தப் புள்ளி வட்டத்தையும் ஓர் எழுத்து என்று நினைத்து நோட்டில் வரைகிறது!

6. கதை நூல்கள். ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலை 1 முதல் 4 வரை பிரித்து வைத்திருக்கிறார்கள். திறந்த உரிமத்தில் இருப்பதால் யாரும் இறக்கி அச்சிடலாம். நிலை 1-இல் 30 கதைகளை வள மையத்திலேயே அச்சடித்துக் கொடுத்தால் மின்சாரமும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரி உள்ளவையாகப் பார்த்து எடுக்கவும். மொழிபெயர்ப்பில் சில கரடுமுரடாக இருக்கும், அவற்றை யாராவது ஒருவர் வாய்விட்டுப் படித்துப் பார்த்துக் கழித்துவிட வேண்டும்.

7. ஸ்பீக்கர் ஒன்று. டிவியின் சொந்த ஒலியில் கடைசி வரிசைக்கு 'ழ' போய்ச் சேர்வதில்லை.

8. மறுபடியும் இணைப்புக்கே வருகிறோம். ஜூன் மனுவுக்குப் பதிலே இல்லை. ஆகஸ்ட் மனுவுக்குக் குறுஞ்செய்தி வந்தது: "தங்கள் மனு உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டு முடித்துவைக்கப்பட்டது." எது முடிந்தது, ஐயா? விளக்கு இன்னும் சிவப்பாகத்தானே மின்னுகிறது! இழையைப் போட்ட ஒப்பந்ததாரரைக் கேட்டால் குழாய் வேலைக்காரர் அறுத்தது என்கிறார். குழாய்க்காரர் ஊராட்சியைக் கேளுங்கள் என்கிறார். ஊராட்சியில் பள்ளி உங்கள் துறை என்கிறார்கள். துறையில் இணைப்பு எங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள். ஆனால் மதிப்பீட்டை மட்டும் அன்றன்றைக்குச் செயலியில் ஏற்ற வேண்டும், ஏற்றாவிட்டால் விளக்கம் கேட்டு ஓலை வருகிறது. அதற்காக ஓர் ஆசிரியர் பள்ளி நேரத்திலேயே கோயில் திட்டுக்குப் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் எல்லா வகுப்பும் ஒருவர் தலையில். பிள்ளைகள் படிக்கிறார்களா என்று கணக்கு ஏற்றுவதற்காகப் பிள்ளைகளைப் படிக்கவைப்பது நிற்கிறது.

9. பென் டிரைவ். அதையாவது.

இணைப்பைச் சரிசெய்வதற்கு நாளாகும் என்றால் நாளாகட்டும், எந்தத் துறை எந்தத் தேதிக்குள் செய்யும் என்று ஒரு வரி எழுத்தில் கொடுங்கள். அதுவரை வாசிப்புப் பாடங்களைக் கோப்புகளாகத் தர வட்டார வள மையத்துக்குத் தாங்கள் ஒரு உத்தரவு போட்டால் போதும். பென் டிரைவ்கூட நாங்களே வாங்கிக் கொண்டுவருகிறோம். அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்குள் கிடைத்தால் இந்தப் பருவத்திலேயே தொடங்கிவிடலாம். முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள், ஐயா. தயைகூர்ந்து ஆவன செய்யுமாறு மூன்றாவது முறையாகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பள்ளி மேலாண்மைக் குழுவினரும் பெற்றோரும்
(37 கையொப்பங்களும் 4 கைநாட்டுகளும்)

இணைப்பு: முந்தைய இரு மனுக்களின் நகல், குறைதீர் நாள் ரசீது, சிவப்பு விளக்கு எரியும் பெட்டியின் புகைப்படம், இன்று காலை எடுத்தது.