கரண்டு வந்தும் சூடு வராத புரூடர் பெட்டி: 66 குஞ்சுகளை இழந்த புகார்

பெகு,
20 ஜனவரி 2025

நிர்வாகி அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் கடைசியில் ரங்கூனில் உள்ள உங்கள் கடையில் நூறு கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் புரூடர் பெட்டி ஒன்று வாங்கினேன். ரசீதை இத்துடன் வைத்திருக்கிறேன். அந்தப் பெட்டியால் என் குஞ்சுகளில் 66 செத்துப்போயின. போனில் இரண்டு தடவை சொல்லியும் சரியான பதில் கிடைக்காததால்தான் எழுத்தில் எழுதுகிறேன்.

வாங்கும்போது நான் கேட்டது ஒரே கேள்விதான். "எங்கள் பக்கம் கரண்டு ராத்திரியில் போகும், வரும், மறுபடி போகும். திரும்ப வந்தால் பெட்டி தானே வேலை செய்யுமா?" உங்கள் கடைத் தம்பி, "தானே எடுத்துக்கும் அக்கா, நீங்க நிம்மதியா தூங்கலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் பணத்தைக் கட்டினேன்.

ஜனவரி 8ஆம் தேதி ஒருநாள் குஞ்சுகள் நூறு வந்தன. பெட்டியை முந்தின நாளே ஓடவிட்டு, உமி பரப்பி, மேலே பேப்பர் போட்டு, தரையோடு ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். 33 டிகிரி வந்தது. முதல் வாரத்துக்கு அது சரியான சூடு. குஞ்சுகளும் ஓரிடத்தில் குவியாமல் பரவி நின்று மேய்ந்தன. சாயங்காலம் பத்துப் பதினைந்தைக் கையில் எடுத்துத் தீனிப்பையைத் தடவினேன். நிறைந்து மெத்தென்று இருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், போனில் பேசியவர் "குஞ்சு வீக்கா இருந்திருக்கும்" என்றார். தின்று குடித்து ஓடியாடிய குஞ்சுகள் அவை.

10ஆம் தேதி ராத்திரி 11 மணிக்குக் கரண்டு போனது. பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது இங்கே எப்படிக் குளிரும் என்று உங்களுக்குத் தெரியும். நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி, பழைய லுங்கித் துணியில் சுற்றி, உமி மேல் வைத்தேன். குஞ்சுகள் அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டு படுத்தன. பக்கத்திலேயே உட்கார்ந்து, ஆற ஆற மாற்றினேன். ஒன்றரை மணிக்குக் கரண்டு வந்தது. பெட்டியின் திரையில் 33 என்று எரிந்தது. பாட்டிலும் ஹீட்டருமாகச் சேர்ந்தால் சூடு மிஞ்சிவிடுமே என்று பாட்டில்களை நானே எடுத்து வெளியில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

அப்படி எடுத்ததை நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது.

நாலரை மணிக்கு எழுந்து போனால் சத்தமே இல்லை. குளிர்ந்த குஞ்சுகள் உரக்கக் கத்தும். அந்தக் கத்தலும் ஓய்ந்திருந்தது. எல்லாம் ஒரே மூலையில் குவியலாகக் கிடந்தன. மேலே கிடந்தவை விறைத்திருந்தன. அடியில் கிடந்தவை இன்னும் வெதுவெதுப்பாக, முடியெல்லாம் நனைந்து, தட்டையாகிக் கிடந்தன. மேலே உள்ளவை குளிரில் போயின, கீழே உள்ளவை மூச்சு முட்டிப் போயின. ஒரு நாள், இரண்டு நாள் குஞ்சுக்கு உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. நாம் கொடுக்கும் சூடுதான் அதற்குத் தாய்க்கோழி. அடுப்பை மூட்டி, உயிர் இருந்தவற்றை மடியில் அள்ளிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொன்றின் மூக்கையும் வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரில் நனைத்துக் குடிக்க வைத்தேன். அன்று காலையில் 57 எண்ணிப் புதைத்தோம். பிழைத்தவற்றில் சிலவற்றுக்குப் பின்பக்கம் எச்சம் ஒட்டி அடைத்துக்கொண்டது. வெந்நீரில் துடைத்துத் துடைத்து விட்டும், இரண்டு நாளில் இன்னும் 9 போயின.

திரையில் அப்போதும் 33தான் எரிந்துகொண்டிருந்தது. ஹீட்டர் தட்டுக்குக் கீழே கையை வைத்தேன். சில்லென்று இருந்தது.

அப்புறம் பகலில் பரிசோதித்தோம். பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகினால் திரை எரிகிறது, எண் வருகிறது, ஆனால் ஹீட்டர் வேலை செய்வதில்லை. பக்கத்தில் உள்ள நீலப் பொத்தானை அழுத்தினால்தான் சூடாக ஆரம்பிக்கிறது. மூன்று தடவை செய்து பார்த்தோம், மூன்று தடவையும் அதேதான். மகன் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறான். திரையில் தெரியும் எண் நாம் வைத்த சூடு. பெட்டிக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதை அது காட்டுவதே இல்லை. கூடவே வந்த சீனப் புத்தகத்தை மகள் போனில் மொழிபெயர்த்துப் பார்த்தாள். கரண்டு நின்று வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும் என்று ஒரு மூலையில் போட்டிருக்கிறது. நீங்கள் சேர்த்துக் கொடுத்த பர்மியத் தாளில் அந்த வரி இல்லை.

என் அப்பா மூங்கில் கூடைக்கு அடியில் 60 வாட் குண்டு பல்பு போட்டுக் குஞ்சு வளர்த்தவர். பல்பு அணைந்தால் கூடை இருட்டாகிவிடும், தூரத்திலிருந்தே தெரியும். உங்கள் பெட்டியில் இருப்பது வெளிச்சம் தராத பீங்கான் ஹீட்டர். குஞ்சு தூங்க அது நல்லதுதான், அதில் குறை சொல்லவில்லை. ஆனால் எரிகிறதா இல்லையா என்று கண்ணால் பார்க்க வழி இல்லாத இடத்தில், நம்பக்கூடிய ஒரே அடையாளம் அந்தத் திரை. அதுவே தப்பாகச் சொன்னால் நான் எதைப் பார்ப்பது?

ஆறு வருடமாகக் கோழி வளர்க்கிறேன். நூற்றுக்கு மூன்று, நாலுக்கு மேல் இழந்ததில்லை. இந்தக் குஞ்சுகளை வளர்த்து மாசியில் ஒரு கல்யாண வீட்டுக்கு வீசைக் கணக்கில் எடை போட்டுக் கொடுப்பதாக முன்பணம் வாங்கியிருந்தேன். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பெட்டியை எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தாருங்கள். 66 குஞ்சுகளின் விலையும் தர வேண்டும். குஞ்சு வாங்கிய ரசீதும் இதில் இருக்கிறது. தீவனத்துக்கும் என் உழைப்புக்கும் நான் எதுவும் கேட்கவில்லை.

அதைவிட அவசரமான வேலை ஒன்று உங்களுக்கு இருக்கிறது. இதே பெட்டியை வாங்கியவர்களின் போன் நம்பர் உங்கள் பில் புத்தகத்தில் இருக்கும். என்னுடையதையும் அப்படித்தான் எழுதிக்கொண்டீர்கள். இன்றைக்கே ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, கரண்டு வந்ததும் நீலப் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள், தட்டுக்கு அடியில் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குளிர் இன்னும் விடவில்லை. இந்த ராத்திரியும் எங்கேயாவது கரண்டு போய் வரும்.

பெட்டியைத் துடைத்துக் கட்டி வைத்திருக்கிறேன். எந்த பஸ்ஸில் போட வேண்டும் என்று ஜனவரி 31க்குள் சொல்லுங்கள், போட்டுவிடுகிறேன். மகன் எடுத்த படத்தை உங்கள் கடை நம்பருக்கு அனுப்பியாயிற்று.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்