உன் துறைக்கு வெளியே ஓர் அலமாரி

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் நலம். போன வாரம் போனில் பேசும்போது, "எல்லா நாளும் ஒரே மாதிரி போகுதுப்பா, எது திங்கள் எது வியாழன்னே தெரியல" என்றாய். அப்புறம், ஏதாவது படிக்கிறாயா என்று கேட்டதற்கு, "வேலைக்கு வேண்டியதைப் படிக்கவே நேரம் சரியா இருக்கு" என்றாய். நீ இரண்டையும் தனித்தனியாகச் சொன்னாய். எனக்கென்னவோ இரண்டும் ஒரே விஷயமாகத்தான் பட்டது. அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வேலைக்காகப் படிப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரே துறையை மட்டும் படித்துக்கொண்டிருந்தால், கண்ணும் அந்தத் துறையை மட்டுமே தேடப் பழகிவிடுகிறது. வீட்டிலிருந்து அலுவலகம் போகிற வழியில் உன் துறை சம்பந்தப்பட்டது எதுவும் இல்லை. அதனால் அந்த வழியில் பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது.

ஒன்று சொல்கிறேன், நாளைக்கே செய்து பார். வெயில் நேரத்தில் ஏதாவது ஒரு பெரிய மரத்தடியில் நின்று தரையைக் கவனி. நிழலுக்கு நடுவே சின்னச் சின்ன வெளிச்சப் பொட்டுகள் கிடக்கும். அண்ணாந்து பார்த்தால் இலைகளுக்கு நடுவில் இருக்கிற இடுக்குகள் முக்கோணமாக, கோணல்மாணலாக, எப்படியெல்லாமோ இருக்கும். ஆனால் தரையில் விழுகிற பொட்டுகளில் நிறைய வட்டமாக இருக்கும். வெயில் சாய்ந்திருந்தால் கொஞ்சம் நீள்வட்டம். ஏன் என்றால், அந்த ஒவ்வொரு பொட்டும் சூரியனின் படம். ஒவ்வொரு சின்ன இடுக்கும் ஒரு ஊசித்துளைக் கேமரா, அதாவது லென்ஸ் இல்லாமல் ஒரு சின்னத் துளை வழியாகவே எதிரே படத்தை விழவைக்கிற கேமரா. ஐந்து மீட்டர் உயரத்தில் இடுக்கு இருந்தால் பொட்டு சுமார் ஐந்து சென்டிமீட்டர் அகலம் வரும். பகுதி சூரிய கிரகணத்தின்போது அத்தனை பொட்டுகளும் பிறைகளாக மாறிவிடும், மரத்தடி முழுக்கப் பிறைகள்! ஒரு துளை வழியாகக் கிரகணச் சூரியன் பிறையாக விழுவதை 11ஆம் நூற்றாண்டிலேயே இப்னு அல்-ஹைதம் என்ற அரபு அறிஞர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

நீ இயற்பியல் படித்தவள். ஊசித்துளைக் கேமரா உனக்குப் பாடத்திலேயே வந்திருக்கும், பரீட்சையில் படம்கூட வரைந்திருப்பாய். ஆனால் அது மரத்தடியில் காலுக்குக் கீழே கிடக்கிறது என்று யாராவது சொல்லியிருப்பார்களா? எனக்குச் சொன்னது ஒரு புத்தகம். கிரகணங்களின் வரலாறு என்று நினைத்து எடுத்தேன், நடுவில் இது வந்தது. அதற்குப் பிறகு மரத்தடியில் காத்திருப்பது எனக்கு ஒரு சலிப்பாகவே இருந்ததில்லை.

மழை விழுந்ததும் வருகிற மண்வாசனையும் இப்படித்தான். எல்லோருக்கும் பிடிக்கும், எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்கள் குறைவு. மண்ணில் வாழும் ஒருவகை பாக்டீரியா உண்டாக்குகிற ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு அதில் பெரிய பங்கு. நம் மூக்கு அதை நம்பமுடியாத அளவு சிறிய அளவில்கூடக் கண்டுபிடித்துவிடும். துளி மண்ணில் மோதும்போது உள்ளே மாட்டிக்கொண்ட காற்று குமிழ்களாக மேலே வந்து வெடித்து, வாசனையைத் தூவுகிறது. 2015இல் அதிவேகக் கேமராவில் இதைப் படம்பிடித்தார்கள். விஷயம் தெரிந்துவிட்டால் அழகு போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். இப்போது மழை வந்தால் நான் ஜன்னலுக்குப் போகிற வேகம் கூடித்தான் இருக்கிறது.

உன் மேஜையில் ஒரு பென்சில் கிடக்குமே, அதற்குள் ஒரு போர் இருக்கிறது. 1790களில் பிரான்சும் இங்கிலாந்தும் மோதிக்கொண்டபோது, நல்ல கிராஃபைட் பிரான்சுக்கு வருவது நின்றுபோனது. கோன்டே என்பவர் கிடைத்த மட்டமான கிராஃபைட்டைப் பொடித்து, களிமண்ணோடு பிசைந்து, சூளையில் சுட்டார். 1795இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் எழுத்து வெளிறும், குறைந்தால் கறுக்கும். ஹெச், பி என்று பென்சிலில் போட்டிருப்பதற்குப் பின்னால் இருக்கிற கணக்கு இதுதான். ஒரு தட்டுப்பாடு எத்தனை குழந்தைகள் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது பார்.

அறிவியலையே சொல்லிக்கொண்டு போகிறேன். கதை படிப்பதை நீ விட்டதில்தான் எனக்கு உண்மையிலேயே வருத்தம். பள்ளிக்கூட நாளில் விளக்கை அணைத்தபின் போர்வைக்குள் டார்ச் அடித்து நாவல் படித்தவள் நீ. நாவல் படிப்பது நேரத்தை வீணாக்குவது என்று சொல்பவர்களோடு எனக்கு ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. இன்னொருவர் மனதுக்குள் முந்நூறு பக்கம் குடியிருந்துவிட்டு வருவதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அலுவலகத்தில் ஒருவர் வெடுக்கென்று பேசினால், இவர் கதையில் நான் இருபதாவது அத்தியாயத்தில்தான் வந்து சேர்ந்திருக்கிறேன், முன்னால் என்னென்ன நடந்ததோ என்று ஒரு நிமிஷம் நிற்கத் தோன்றும். மொழிபெயர்ப்புகளையும் விடாதே. நாம் போகவே போகாத ஒரு நாட்டில், நமக்குத் தெரியாத ஒரு பெண் நம் வீட்டுச் சண்டையையே போட்டுக்கொண்டிருப்பாள். அதைப் படிக்கும்போது வருகிற சிரிப்பு தனி.

எதைப் படிப்பது என்று கேட்பாய். பட்டியல் தரமாட்டேன். நூலகத்துக்குப் போ. நிறைய நூலகங்களில் 1876இல் மெல்வில் டூயி போட்டுக்கொடுத்த எண்முறைப்படிதான் புத்தகங்களை அடுக்கியிருப்பார்கள். நீ 530இல் இயற்பியலோடு தொடங்கி, இப்போது 005 நிரலாக்கத்திலும் 658 மேலாண்மையிலும் நிற்கிறாய். 598க்குப் போனால் பறவைகள். 780இல் இசை. உனக்குத் துளியும் சம்பந்தமில்லாத ஓர் எண்ணின் முன்னால் போய் நில், முதுகுகளைப் படி, கை எதை எடுக்கிறதோ அதைக் கொண்டுவா. ஐம்பது பக்கத்தில் பிடிக்கவில்லையா, திருப்பிக் கொடுத்துவிடு. புத்தகத்துக்கு ஒன்றும் கோபம் வராது. வருஷத்துக்கு இத்தனை என்று இலக்கு மட்டும் வைக்காதே. அது வந்தால் இதுவும் ஒரு வேலையாகிவிடும், உனக்கு இருக்கிற வேலையே போதும். நேரமே இல்லாத நாளில் ஒரு கவிதை, வாய்விட்டு. இரண்டு நிமிஷம் ஆகாது.

புத்தகத்தை மூடிவிட்டுப் பார்க்க வேண்டியதும் நிறைய இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எறும்பைப் பற்றிப் படித்துவிட்டு எறும்பைப் பார்க்காமல் இருந்தால் என்ன பிரயோஜனம்? வரிசையாகப் போகிற எறும்புகளின் வழியில் விரலால் குறுக்கே ஒரு கோடு தேய்த்துவிட்டுப் பார். வாசனைத் தடம் அறுந்துபோய், முன்னால் வருகிறவை திகைத்து நின்று அங்குமிங்கும் தேடும். கொஞ்ச நேரத்தில் ஒன்று தாண்டிவிடும், அப்புறம் மறுபடி வரிசை.

நான் இப்போது கடல் ஓதம் பற்றிய ஒரு புத்தகத்தில் இருக்கிறேன். நிலவு இருக்கிற பக்கம் கடல் ஏறுவது புரிகிறது. அதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலும் ஏன் ஏறுகிறது என்கிற இடத்தில்தான் சிக்கிக்கொண்டேன். ஒரே பக்கத்தை மூன்றாவது தடவையாகப் படிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது கொஞ்சம் நிதானமாகச் சொல்லிக்கொடு. காகிதமும் பென்சிலும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா